அமைதியாகக் கேட்டுக்கொண்டார்

ஒன்பதாவது பேன் மடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் விழுந்தது. நேற்று ராத்திரி மருந்து தடவி, காலையில் தலைக்கு ஊற்றிய பிறகும் ஒட்டியிருந்த பேன். செத்துவிட்டதா மயங்கிக் கிடக்கிறதா என்று சொல்ல முடியாது. தில்லைநாயகி கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். ஒன்பது. இடப்பக்கம் முடிந்தது, பின்மண்டை பாக்கி, வலப்பக்கம் முழுக்கப் பாக்கி. நடையின் கோடியில் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது. அது நான்கு நிமிஷம் வேகமாக ஓடும், ஆகையால் பன்னிரண்டு நாற்பத்தாறு. இரண்டு மணிக்கு டாக்டர் இன்பராஜ் வந்து அம்சவேணியின் டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார். இரண்டு மணிக்கே தில்லைநாயகிக்கும் காலை டியூட்டி முடிந்துவிடும். எழுபத்துநான்கு நிமிஷம் இருக்கிறது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அம்சா, வருகிற முப்பத்தொன்றாம் தேதியோடு எனக்கு வேலை முடிகிறது, அதற்கப்புறம் நான் இந்த வார்டுக்கு வர மாட்டேன். எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று சொல். இந்தப் பதின்மூன்று சொல்லை மே மாதம் மூன்றாம் தேதியே சொல்லியிருக்க வேண்டும். இன்று இருபத்தேழு. நாளைக் காலையில் அம்சாவின் அக்கா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். சொல்லாமல் அனுப்பினால் ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை, வெளிநோயாளியாக, பதினோரு மணிக்குச் சரியாக இந்தப் பெண் வந்து நிற்பாள். தில்லைநாயகி தினமும் உட்கார்ந்து பேசும் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் அவள் பேருந்து ஏறிச் சொந்த ஊர் துறையூருக்குப் போவாள், போய் என்ன செய்வாள் என்பதை நினைக்கும்போதே தில்லைநாயகியின் கையிலிருந்த பேன் சீப்பு முடியில் சிக்கிக்கொண்டது. "மெதுவா சிஸ்டர்," என்றாள் அம்சா, திரும்பாமல். "தலையோட வந்துடப் போவுது."

சிக்கலை விரலால் பிரித்தாள். ஸ்டூலில் இவள் உட்கார்ந்திருக்க, கீழே தரையில் முதுகைக் காட்டிக்கொண்டு அவள். முகம் தெரியாது. உச்சி வகிடு தெரியும், இரண்டு காது தெரியும், பின்கழுத்தில் ஒரு மச்சம் தெரியும். முகம் தெரியாத இடத்தில் சொல்வது சுலபம் என்றுதான் இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கினாள் என்பதுகூடச் சரியில்லை. ஆயா வேலை பார்க்கும் காசியம்மாள், "அந்தத் தலைய நான் தொட மாட்டேன். காசியம்மா என் முடியப் பிடுங்கிட்டான்னு டாக்டர்ட்ட போயி அழுவா, அவரும் நம்புவாரு," என்று கையை உதறிவிட்டாள். இன்சார்ஜ் ஸ்டெல்லா சிஸ்டர் சிரித்தபடி, "உங்க பொண்ணு, நீங்களே பாருங்க தில்லை சிஸ்டர்," என்றாள். உங்க பொண்ணு. மனநல வார்டில் நான்கு மாதமாக அதுதான் பேச்சு. கேஸ் ஷீட்டில் ஆளுமைக் கோளாறு என்று எழுதியிருக்கிறது. ஆனால் குரல் கேட்கும் என்று சொல்கிறவளையும், சோறு தின்ன மறக்கிறவளையும் நோயாளி என்று ஒப்புக்கொள்கிறவர்கள், இவளை ஒப்புக்கொள்வதில்லை. நடிப்பு என்பார்கள். திமிர் என்பார்கள். நன்றாகத்தானே பேசுகிறாள், பத்திரிகை படிக்கிறாள், இவளுக்கு என்ன நோய் என்பார்கள். முதல் மாதம் அம்சா தில்லைநாயகியைத் தெய்வம் என்றாள். ஒருமுறைதான். நாய் என்று பதினோரு முறை சொல்லியிருக்கிறாள், அதில் இரண்டு முறை கஞ்சித் தட்டோடு. திட்டு வாங்கிய மறுநாளும் பதினோரு மணிக்குத் தில்லைநாயகி போய் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். பத்து நிமிஷம். பதினொன்று பத்துக்கு எழுந்துவிடுவாள். அதில் பாசம் என்று எதுவும் இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்கு வேறு விதமாக இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். "எப்பவும் ஒரே மாதிரி இருக்கீங்க பாருங்க, அதான் சிஸ்டர் அந்தப் பொண்ணுக்கு மருந்து," என்று டாக்டர் சொன்னபோது காது மடல் சுட்டது. புகழ்ச்சி என்றால் அவளுக்கு எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும்.

பத்து. பின்மண்டையில் ஒரு பெரியது. அந்த ஒரே மாதிரிதான் மூன்றாம் தேதி உடைந்தது. அன்றைக்குப் பதினோரு மணிக்கு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். காலையில் பேருந்திலேயே ஆறு முறை சொல்லிப் பார்த்தாயிற்று. உட்கார்ந்தாள். வாயைத் திறப்பதற்குள் அம்சா, "சிஸ்டர், பாப்பாவுக்குப் பல்லு விழுந்துடுச்சாம்," என்றாள், அக்கா வீட்டில் விட்டுவந்த மகளைப் பற்றி. "போன்ல பேசினா. முன்னாடி பல்லு. சொல்லுன்னா தொல்லுங்கறா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சிரித்தாள். வார்டுக்கு வந்த எண்பத்தாறு நாளில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தில்லைநாயகியும் சிரித்தாள். பத்து நிமிஷமும் அந்தப் பல்லிலேயே போய்விட்டது. எழுந்து வந்தாள். நாளைக்குச் சொல்லலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று ரிப்போர்ட் புக்கைத் திறந்தபோது, மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லா சிஸ்டர், "சொல்லிட்டீங்களா?" என்றாள். தலை ஆடிவிட்டது. ஆமாம் என்று ஆடிவிட்டது. வெட்கப்படுகிறவர்களுக்கு இப்படி ஒரு தலை இருக்கிறது. இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்றால் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும், அதெல்லாம் எதற்கு என்று அது பாட்டுக்கு ஆடிவிடும். "எப்படி எடுத்துக்கிட்டா?" "நல்லாத்தான்." பேனா கையில் இருந்தது. புத்தகம் திறந்திருந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். காலை பதினோரு மணிப் பேச்சில் பணி ஓய்வுத் தேதி தெரிவிக்கப்பட்டது. அமைதியாகக் கேட்டுக்கொண்டார். எழுதிக் கையெழுத்தும் போட்டாள். முப்பத்துமூன்று வருஷத்தில் எத்தனை ஆயிரம் வரி எழுதியிருப்பாள். காய்ச்சல் நூறு புள்ளி இரண்டு என்றால் நூறு என்று எழுதியவள் இல்லை. ஒரு மாத்திரை கீழே விழுந்து உருண்டால்கூட விழுந்தது என்று எழுதியவள்.

மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் அம்சாவுக்கு வயிற்றுவலி. அதற்கு மறுநாள் தில்லைநாயகிக்கு வார விடுப்பு. அதற்கும் மறுநாள் சொன்னால் தேதி மாறுகிறதே, புத்தகத்தில் மூன்று என்று இருக்கிறதே, இவள் போய் யாரிடமாவது இன்றைக்குத்தான் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டால் என்ன ஆவது என்ற பயம் முதல் தடவையாக வந்தது. வந்த பயம் உட்கார்ந்துகொண்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் டாக்டர் ஒட்டிய தாள் ஒன்று இருக்கிறது. அம்சவேணியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஏழு குறிப்பு. எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், ஒருவர் மறுத்ததை இன்னொருவர் கொடுக்கக் கூடாது, கண்ணு தங்கம் என்று யாரும் கொஞ்சக் கூடாது, டியூட்டி முடிந்து அவளுக்காக யாரும் நிற்கக் கூடாது. ஐந்தாவது குறிப்பு, விடுப்போ மாற்றலோ எதுவானாலும் தேதியோடு நான்கு வாரம் முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும். ஆறாவது குறிப்பு, அதைச் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான், மற்றவர்கள் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. நல்ல குறிப்புகள். மூன்றாம் தேதி வரைக்கும் ஏழையும் தில்லைநாயகி தப்பில்லாமல் பின்பற்றியிருக்கிறாள். அந்த ஆறாவது குறிப்பு இருந்ததால்தான் இருபத்துநான்கு நாளும் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. பதினோரு பேர் வேலை பார்க்கும் வார்டு. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அம்சாவுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, குறிப்பை மதித்து, வாயை மூடிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். நோயாளி அமைதியாக உள்ளார். ஓய்வு பற்றிப் பேசவில்லை. நன்றாகத் தூங்கினார். போன வியாழக்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் அதையெல்லாம் வரிசையாகப் படித்தார். "ஒருத்தர் விட்டுட்டுப் போறாங்கன்னா இந்த நோய்க்காரங்களால தாங்க முடியாது. அதான் முடிச்சே. இந்தப் பொண்ணு இருபது நாளாத் தாங்குது. இதைவிட என்ன முன்னேற்றம் வேணும்? வீட்டுக்கு அனுப்பலாம்." அப்புறம் இவள் பக்கம் திரும்பி, "எப்படிச் சொன்னீங்க சிஸ்டர்? எங்களுக்கும் சொல்லிக் குடுங்க," என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சாதாரணமாத்தான்," என்றாள். தலையாட்டியது ஒன்று, நல்லாத்தான் என்றது இரண்டு, எழுதியது மூன்று, இது நான்கு.

"எத்தன சிஸ்டர்?" என்றாள் அம்சா. "பன்னெண்டு." "அடேயப்பா. எங்க அக்காகிட்ட சொல்லிடாதீங்க. பேனோட வந்தே, வாசல்லயே நிறுத்தி மொட்டையடிச்சு விட்டுருவேன்னு சொல்லியிருக்கா. பாப்பா என் பக்கத்துலதான் படுப்பேங்கறாளாம்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணாந்தேதி ஸ்கூலு. ஒண்ணாங்கிளாஸ். நானே கொண்டுபோய் விடுவேன். கேட்டுகிட்ட நின்னு டாட்டா காட்டுவேன். பொறவு செவ்வாக்கெழம உங்ககிட்ட வந்து அழுதாளா இல்லையான்னு சொல்றேன்." சொல். இப்போது சொல். செவ்வாய்க்கிழமை என்று அவளே சொல்லிவிட்டாள், அதைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம். அம்சா, வருகிற முப்பத்தொன்றாம். சீப்பை அடுத்த பிடி முடிக்குள் விட்டாள். மே மாத வெயில் கிரில் கம்பி வழியாக வந்து தரையில் பட்டை பட்டையாகக் கிடந்தது, ஏழு பட்டை, ஏழாவது பட்டை அம்சாவின் கால் பெருவிரலில். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. வெட்டியது தில்லைநாயகிதான், நகவெட்டியைக் கையெழுத்துப் போட்டு எடுத்து, வெட்டி, கையெழுத்துப் போட்டு வைத்தாள். எல்லாவற்றுக்கும் கையெழுத்து உண்டு. இந்தப் பேன் சீப்புக்கும் உண்டு.

போன தடவை இவள் சேர்ந்திருந்தபோது, ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை, படிக்க வந்த சின்ன டாக்டர் ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் இவளிடம் பேசிக்கொண்டிருந்தார். மூன்று மாதம். நல்ல பிள்ளை. அவருக்கு வேறு பிரிவுக்கு மாற்றல் வந்தது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் போய்விட்டார். சொன்னால் அழுவாள் என்று இரக்கப்பட்டுத்தான் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை அவருக்காகத் தலை வாரிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. யாரோ சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்குக் குளியலறை கழுவ வைத்திருந்ததைக் குடித்துவிட்டாள். ஐந்து நாள் தீவிரச் சிகிச்சை. அப்போதும் காசியம்மாள், "நடிப்புக்குக் குடிக்கிறவ இம்மாத்தூண்டுதானே குடிக்கணும்? அளவு தெரியாம நடிச்சிட்டா," என்று விரலைக் காட்டினாள். அந்தச் சின்ன டாக்டர்மேல் தில்லைநாயகிக்கு அன்று வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன கேடு என்று நினைத்தாள். அவ்வளவு சுலபமாக நினைத்தாள். ஒன்பது வயதில் தில்லைநாயகியை விடுதியில் சேர்க்க வந்த அம்மா, "இங்கயே உக்காரு, கடையில பிஸ்கோத்து வாங்கிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். தில்லைநாயகி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் ஜன்னல் இருந்தது. ஜன்னலில் பதினான்கு கம்பி. இடமிருந்து வலம் பதினான்கு, வலமிருந்து இடம் பதினான்கு. எண்ணிக்கொண்டிருந்தால் நேரம் போகும், நேரம் போனால் அம்மா வருவாள். தீபாவளிக்கு வந்தாள். அம்மாவும் கெட்டவள் இல்லை, பிள்ளை அழுவதைப் பார்க்கத் தைரியமில்லாதவள். இப்படித் தைரியமில்லாதவர்கள்தான் இருப்பதிலேயே பெரிய காயத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், போட்டோம் என்று அவர்களுக்குத் தெரிவதும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிகிறதே. தெரிந்தும் இருபத்துநான்கு நாள். அப்படியென்றால் நான் அம்மாவைவிட மோசம். பதின்மூன்று. பதின்மூன்றாவது ஈரா பேனா, ஈர்தான், எண்ணக் கூடாது. பன்னிரண்டுதான்.

காசியம்மாள் வாளியோடு நடையில் வந்தாள். "இன்னும் முடியலையா? மொத்தமா எத்தன பேன்னு கெசட்டுல போடப் போறீங்களா?" என்றாள். அம்சா, "உங்க தலையையும் காட்டுங்க காசியம்மா, நாலு நான் தரேன்," என்றாள். "வாயப் பாரு. நாளைக்குப் போறவளாச்சேன்னு விடறேன்." வாளி தளும்பிக்கொண்டே போனது. ஈரக் கால் தடம் தரையில் கொஞ்ச நேரம் இருந்து காய்ந்தது. கடிகாரம் ஒன்று பதினெட்டு, அதாவது ஒன்று பதினான்கு. நாற்பத்தாறு நிமிஷம். சொல்லாமலே விட்டால் என்ன? அந்த எண்ணம் எப்போதும் போல மெதுவாக, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிற மாதிரி வந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள். சொன்னால் கெட்டுப் போகும். போகட்டும், பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடட்டும், செவ்வாய்க்கிழமை புது சிஸ்டர் பக்குவமாகச் சொல்லட்டும். நான் அப்போது இருக்க மாட்டேன். இருக்க மாட்டேன் என்பதில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைத் தொட்டவுடன் சூடு பட்ட மாதிரி மனசு கையை இழுத்துக்கொண்டது. புது சிஸ்டர் என்ன சொல்வாள்? உனக்குத்தான் மூணாந்தேதியே சொன்னாங்களே, புக்குல இருக்கே என்பாள். அம்சா இல்லை என்பாள். பொய் சொல்றா, மறுபடி ஆரம்பிச்சுட்டா என்று எழுதுவார்கள். அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்தப் பெண் சொல்வதை இதுவரை யார் நம்பியிருக்கிறார்கள், தில்லைநாயகி எழுதியதை இதுவரை யார் நம்பாமல் இருந்திருக்கிறார்கள். சீப்பை முடியிலிருந்து எடுத்தாள். வலப்பக்கம் முழுதும் இன்னும் பாக்கி இருந்தது.

"அம்சா," என்றாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "முப்பத்தொண்ணாந்தேதியோட எனக்கு வேலை முடியுது. ரிட்டயர்டு. அதுக்கப்புறம் நான் வர மாட்டேன்." வகிடு அசையவில்லை. காது அசையவில்லை. பின்கழுத்தில் மட்டும் தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது, ஈ உட்கார்ந்த மாட்டின் தோல் போல. தில்லைநாயகி எண்ணினாள், வேறு என்ன செய்ய. ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை எண்ணியாயிற்று.

"எந்த மாசம் முப்பத்தொண்ணு?" என்றாள் அம்சா.

"இந்த மாசம்."

"இன்னிக்கு இருபத்தேழு."

"ஆமா."

"மத்தவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும்." நிறுத்திவிடலாம். நிறுத்தினால் பாதி. "உனக்கும் தெரியும்னு நெனச்சிட்டிருக்காங்க. மூணாந்தேதியே உன்கிட்ட சொல்லிட்டேன்னு புக்குல எழுதிட்டேன். சொல்லல. எழுதிட்டேன்."

அம்சா சிரித்தாள். பல் விழுந்த அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை. "என்னைப் பொய்க்காரின்னு எத்தன பேரு எழுதியிருப்பாங்க சிஸ்டர் அந்தப் புக்குல? நீங்கதான் எண்ணுவீங்களே. எண்ணிச் சொல்லுங்க." தில்லைநாயகிக்குப் பதில் தெரியும். ஒன்பது. "இப்ப போயி மாத்தி எழுதுவீங்களா?"

"எழுதணும்."

"எழுதினா நாளைக்கு என்னை விட மாட்டாங்க."

"மாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன்."

அப்போதுதான் அவள் திரும்பினாள். முழங்காலிட்டுத் திரும்பி, பாதி வாரிய தலையும் பாதி சிக்கிய தலையுமாக, முகத்தை நேரே காட்டினாள். "எழுதாதீங்க. உங்களுக்காக இருபத்துநாலு நாள் மறைச்சீங்கல்ல, எனக்காக ஒரு நாள் மறைங்க. நாளைக்குக் காலையில எட்டு மணி வரைக்கும். நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன். பாப்பாமேல சத்தியம். பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்? இப்பவும் நல்லாத்தான் இருக்கேன். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க." தில்லைநாயகி பார்த்தாள். கண் கலங்கவில்லை. உதடு நடுங்கவில்லை. அமைதியாகத்தான் இருந்தது முகம். அந்த அமைதி மெய்தானா, இல்லை, திங்கட்கிழமை காலை பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அமைதியா? முப்பத்துமூன்று வருஷமாக முகம் பார்த்தே சம்பளம் வாங்கியவளுக்கு, ஒரு சாண் தூரத்தில் இருக்கும் முகத்தைப் படிக்க வரவில்லை. நம்பவும் முடியவில்லை, நம்பவில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. "இருபத்துநாலு நாளு நல்லா இருந்தேனே," என்றாள் அம்சா, குரல் இறங்கி. "எனக்குத் தெரியாதுங்கறதால அது பொய்யா ஆயிடுமா? நான் நல்லா இருந்தது கணக்குல வராதா?" இதற்கு அலமாரிக் கதவின் தாளில் குறிப்பு இல்லை. வரும் என்று சொல்ல ஆசையாக இருந்தது. வராது என்று சொல்வதும் தப்பு. தில்லைநாயகி, "தெரியலம்மா," என்றாள். அம்மா என்று சொல்லக் கூடாது, மூன்றாவது குறிப்பு. வாயில் வந்துவிட்டது.

அம்சா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "மீதிய வாரிவிடுங்க," என்றாள். வாரினாள். வலப்பக்கம் நான்கு. மொத்தம் பதினாறு. ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தத் தலை சீப்போடு பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனது, கழுத்தில் எலும்பே இல்லாத மாதிரி. எண்ணெய் வைத்து ஒற்றைப் பின்னலாகப் பின்னி, நாடா கட்டி, துணியை நான்காக மடித்து, சீப்பைக் கழுவி, கையெழுத்துப் போட்டு வைத்தபோது ஒன்று ஐம்பத்திரண்டு. ரிப்போர்ட் புக்கில் மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினாள். ஸ்டெல்லா சிஸ்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். "முப்பத்துமூணு வருஷ சர்வீஸ்ல கடைசி வாரம் இது வேணுமா உங்களுக்கு? அதான் இப்ப சொல்லிட்டீங்களே. கத்தினாளா? இல்லல்ல? நீங்க எழுதினது போலதானே கேட்டிருக்கா. தேதிதான் கொஞ்சம் முன்ன பின்ன. விட்டுத் தள்ளுங்க." அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புக்குத் தலை மறுபடி ஆடப் பார்த்தது. தில்லைநாயகி கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடித்தல் இருந்தால் ஒரே கோடாக இருக்க வேண்டும், அடியில் உள்ளது படிக்க வர வேண்டும் என்பது சட்டம். ஒரே கோடு போட்டாள். மேலே உள்ளது உண்மை இல்லை. இன்று 27ஆம் தேதி பகல் 1.20க்குத்தான் தெரிவிக்கப்பட்டது. எப்படிக் கேட்டுக்கொண்டார் என்ற இடத்தில் பேனா நின்றது. அமைதியாக என்று எழுதலாம், அதுவும் உண்மைதான். அதை எழுதவில்லை. சொல்லத் தெரியவில்லை என்று எழுதினாள்.

டாக்டர் இன்பராஜ் வந்து படித்தார். இரண்டு முறை படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நான் அதை வெச்சு எல்லாருக்கும் பாடம் எடுத்தேன் சிஸ்டர்," என்றார். புத்தகத்தை மூடிவிட்டு, "பத்து நாள் வெச்சுப் பாக்கலாம். அவங்க அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க," என்றார். பத்து நாள். பத்து நாளில் ஒன்றாம் தேதி போய்விடும். பாப்பாவைப் பெரியம்மா கொண்டுபோய் விடுவாள். கேட்டுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கப் போவதில்லை. சொல்லாமல் விட்டதற்கு இந்தப் பெண்ணுக்குத் தண்டனை, சொன்னதற்கும் இந்தப் பெண்ணுக்குத்தான் தண்டனை. எந்தப் பக்கம் கூட்டினாலும் தில்லைநாயகியின் பேரில் ஒன்றும் விழவில்லை. முப்பத்தொன்றாம் தேதி மாலை போடுவார்கள், பென்ஷன் வரும். நான் போய் அவளிடம் சொல்லவா என்று கேட்டாள். மணியைப் பார்த்துவிட்டு டாக்டர் வேண்டாம் என்றார். "உங்க டியூட்டி முடிஞ்சிடுச்சு. நாலு மணிப் பேச்சுல நான் சொல்லிக்கறேன்." நான்காவது குறிப்பு. சரிதான். அதுதான் முறை.

தில்லைநாயகி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். காசியம்மாள் கிரில் கதவைப் பூட்டியபோது, உள்ளே நடையில் அம்சா நின்றிருந்தாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் வந்ததும் கையில் டிஸ்சார்ஜ் தாள் இல்லாமல் போனதும் அவள் பார்த்திருக்கிறாள். கம்பி அருகில் வந்தாள். தில்லைநாயகி நகரவில்லை. கெட்ட வார்த்தை வரும் என்று காத்திருந்தாள், வந்தால் வாங்கிக்கொள்ளலாம், அது பழகியது.

"இன்னும் நாலு நாள் இருக்கு," என்றாள் அம்சா. "நாலு பத்து நாப்பது நிமிஷம். அதுல ஒரு வார்த்த நான் உங்ககிட்ட பேச மாட்டேன். ஆனா நீங்க வரணும். பதினோரு மணிக்கு வந்து அந்த நாற்காலியில உக்காரணும்."

"வரேன்," என்றாள் தில்லைநாயகி. பேருந்துக்கு நேரமாகிவிட்டது, வெயில் நெற்றியில் இறங்கியது, திரும்பி இரண்டு படி இறங்கினாள். நின்றாள். மறுபடி ஏறி வந்தாள். தைரியம் போவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"முப்பதாந்தேதி எனக்கு ஆஃப்," என்றாள். "மூணு நாள்தான்."

அம்சா பின்னலை விட்டாள். உள்ளே திரும்பி நடந்தாள். ஏழெட்டு அடி போன பிறகு, திரும்பிப் பார்க்காமல், "முப்பது நிமிஷம்," என்றாள்.